வீட்டருகே ஒரு சிறிய கல்லூரியில் பி.எட்.: படித்து முடித்தபின் ஒரு மதிப்பீடு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்சி என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் பாளையங்கோட்டையைத்தான் சொல்வார்கள். தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும் தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியும் இப்பகுதிப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை அனுப்பி வருபவை. கணிதத்தில் இளநிலைப் பட்டம் முடித்திருந்த நான், 2021இல் அங்கே போகாமல், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய, ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே சேரும் ஒரு சுயநிதிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். 2023இல் படிப்பை முடித்து இப்போது உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஆகவே அந்தத் தேர்வின் பலனைச் சற்று விலகி நின்று பார்க்க முடிகிறது.

சேர்க்கைக்காக விசாரித்த நாட்களில் சில கல்லூரிகளின் அலுவலகங்களில் முதலில் வந்த கேள்வியே, "ரெகுலரா, நான்-அட்டெண்டன்ஸா?" என்பதாக இருந்தது, அதாவது அன்றாடம் வகுப்புக்கு வருவீர்களா, வராமலே சான்றிதழ் வாங்கிக்கொள்வீர்களா என்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம். அப்படியிருக்க, இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கும் இடத்தில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கலாம், கற்பிக்கும் பழக்கம் கிடைக்காது. நான் சேர்ந்த கல்லூரியில் வராதவரின் வீட்டுக்கு மதியத்துக்குள் தொலைபேசி போய்விடும். சிறிய கல்லூரியில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதைக் குறையாகச் சொன்னவர்களும் எங்கள் வகுப்பில் உண்டு.

அருகாமையின் உண்மையான பலன் பேருந்துக் கட்டணத்தில் மிச்சமானது அல்ல, இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் கிடைத்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட அரசுப் பள்ளியின் மாணவர்கள் நான் வளர்ந்த தெருக்களிலிருந்தே வந்தார்கள். விடியற்காலையில் பூப்பறிக்கப் போய்விட்டு முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரும் பிள்ளையை ஏன் கடிந்துகொள்ளக் கூடாது என்று வழிகாட்டி ஆசிரியர் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் இலாப நட்டக் கணக்குகளை, முகூர்த்த நாளில் எங்கள் பூச்சந்தையில் ஏறும் மல்லிகை விலையை வைத்தே தொடங்கினேன். பாடநூலின் கணக்குக்கு வாய் திறக்காத கடைசி வரிசை, விலையில் நான் சொன்ன எண்ணையே திருத்தியது. மாலையில் பயணத்துக்குப் போகாத நேரம் மறுநாள் பாடக்குறிப்புக்கும் துணைக்கருவிகளுக்கும் போயிற்று. பாளையங்கோட்டைக்கு அன்றாடம் ஒன்றரை மணி நேரம் போய், ஒன்றரை மணி நேரம் திரும்பிய என் தோழி, ரெக்கார்டு நோட்டுகளைப் பெரும்பாலும் விடுமுறை நாட்களில்தான் எழுதினாள்.

அதே மாலைகளில், பிள்ளைகளுக்கு அவர்கள் குடியிருப்பிலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் குடியிருப்பின் தன்னார்வலராகவும் இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெரிதல்ல. கல்லூரியில் காலையில் கேட்ட கற்றல் உளவியலை, கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறும் பிள்ளைகளிடம் மாலையிலேயே சோதித்துப் பார்க்க முடிந்ததுதான் பெரிது. விடுதியில் தங்கிப் படித்திருந்தால் இது வாய்த்திருக்காது.

குறைகளும் சிறியவை அல்ல. கணிதம், இயற்பியல் அறிவியல் ஆகிய இரண்டின் கற்பித்தல் முறைகளையும் ஒரே பேராசிரியர்தான் நடத்தினார். அவர் திறமையானவர், ஆயினும் அவருடைய ஒரே பார்வைதான் எங்களுக்குக் கிடைத்தது. சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் எங்கள் குழு மிகச் சிறியதாக இருந்ததால் ஒவ்வொருவருக்கும் கூடுதல் வாய்ப்புக் கிடைத்தது, ஆனால் எல்லோரும் ஊர்க்காரர்கள் என்பதால் விமர்சனம் நயமாகவே முடிந்துவிடும். கரும்பலகையை மறைத்து நிற்கும் என் பழக்கத்தை முதலில் சுட்டியவர் பயிற்சிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். சக மாணவர் ஒருவரும் சொன்னதில்லை. நூலகத்தில் பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்து நூல்களே மிகுதி. அது ஈராண்டாக மாறியதோ 2015இல்.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் கல்லூரி எந்த உதவியும் செய்யவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிப்போருக்கான இரண்டாம் தாளின் 150 வினாக்களில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 என்பதால், கணிதம் மட்டுமே படித்த எனக்கு உயிரியல் பகுதி பெரும் பாரமாக இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பள்ளிப் பாடநூல்களை வரிசையாகப் படித்துத்தான் அதைக் கடந்தேன். தகுதித் தேர்வோடும் விஷயம் முடிவதில்லை, அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தனிப் போட்டித் தேர்வும் உண்டு. மேலும், தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புபவர் எந்த பி.எட். கல்லூரி என்று தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அருகிலுள்ள கல்லூரி ஒன்றைப் பரிசீலிப்பவர்கள் சேர்க்கை நாளில் போகாமல், பருவத்தின் நடுவே ஒரு சாதாரண வேலைநாளில் போய்ப் பார்ப்பது நல்லது. 50 பேர் சேரும் கல்லூரிக்கு விதிப்படி முழுநேர ஆசிரியர் 8 பேர் வேண்டும். பெயர்ப் பலகையில் இருப்பவர்கள் வகுப்பறையிலும் இருக்கிறார்களா என்பது அன்று தெரியும். உங்கள் பாடத்தின் கற்பித்தல் முறையை நடத்துபவர் யார், கடந்த ஆண்டு மாணவர்கள் எந்தப் பள்ளிகளில் பயிற்சி பெற்றார்கள் என்ற இரண்டையும் அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்குச் சிறிய கல்லூரிகளில் தனி ஆசிரியர் இல்லாமற்போக வாய்ப்பு அதிகம். உங்கள் பாடம் அப்படிப்பட்டதானாலும், எம்.எட். முடித்துக் கல்வியியல் கல்லூரியிலேயே பணியாற்ற எண்ணினாலும், பேருந்துக் களைப்பைப் பொறுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கே போகலாம் என்றுதான் நான் சொல்வேன்.