ஸ்ட்ரைப் அட்லஸ்: மாணவர்கள் தொடங்கும் வீடியோ கேம் நிறுவனத்துக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்பின்போது வகுப்புத் திட்டமாக நாங்கள் நான்கு பேர் செய்த ஒரு புதிர் விளையாட்டை, படிப்பு முடிந்த கையோடு விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்கான நிறுவனத்தைப் பதிவு செய்ய நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்ட்ரைப் அட்லஸ் என்னும் இணையச் சேவை. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பதிவு முடிந்த மகிழ்ச்சியில் எழுதாமல், முதல் வரிக்கணக்கும் முதல் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்த பிறகு எழுதுவதே நியாயம் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறுவனர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டியவற்றை இந்தச் சேவை மிக நன்றாக எழுதித் தருகிறது, ஆனால் ஒரு வீடியோ கேமுக்குள் நிறுவனர் அல்லாத பலரின் உழைப்பும் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் எதற்கு என்ற கேள்வியை நாங்கள் வெகுநாள் தள்ளிப்போட்டோம், அது சரியான முடிவுதான். விளையாட்டை இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாக வெளியிட நிறுவனம் தேவையில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில்கூடத் தனிநபராக ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டி விற்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் வருமானம் முழுவதும் ஒருவர் பெயரில் வரும், வரிப் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். மற்ற மூவருக்கும் அவருடைய வாக்குறுதியைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரு தொழில்முனைவுப் போட்டியில் கிடைத்த சிறு பரிசுத் தொகை. நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் அந்தப் பணத்தை அனுப்ப முடியும் என்று சொல்லிவிட்டார்கள். பணம் வரும் நாள் தெரிந்த பிறகு பதிவு செய்வதுதான் நல்லது. அதற்கு முன்னால் பதிவு செய்தால், வருமானம் இல்லாமலேயே ஆண்டுச் செலவுகள் ஓடத் தொடங்கிவிடும்.

2016-இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை, டெலவேர் மாநிலச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தைப் பதிவு செய்து தருகிறது. கட்டணம் 500 டாலர். மாநிலப் பதிவுக் கட்டணம், முதல் ஆண்டுக்கான பதிவு முகவர் (நிறுவனத்துக்கு வரும் சட்ட அறிவிப்புகளை அந்த மாநிலத்தில் பெற்றுக்கொள்பவர்), மத்திய வரித்துறையின் நிறுவன அடையாள எண், நிறுவனர்களுக்குப் பங்கு ஒதுக்கும் ஆவணங்கள் ஆகியவை இதில் அடங்கும். படிவம் தெளிவானது, ஒவ்வொரு கேள்விக்கும் அருகிலேயே அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற விளக்கம் இருக்கிறது. சட்டம் படிக்காதவர்களும் அதை நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்தப் படிவத்தில் இருந்த ஒரு கட்டம்: யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு. ஒரு சனிக்கிழமை மாலை, ஆய்வுக்கூடத்தில் ஒரே கணினியைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். பெயர், முகவரி, பிறந்த நாள் எல்லாம் சிரித்துப் பேசியபடியே நிரப்பியாகிவிட்டது. சதவீதக் கட்டம் வந்ததும் தட்டச்சு செய்துகொண்டிருந்த தோழி கையை எடுத்துக்கொண்டார், யாரும் பேசவில்லை. ஆளுக்கு 25 என்று போட்டுவிடலாம் என்பதுதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஆனால் ஒருவர் முழுநேர வேலை ஒன்றை ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தார், இன்னொருவர் இரண்டு ஆண்டுகளாக நிரல் எழுதும் சுமையில் பாதியைத் தனியாகத் தாங்கியிருந்தார். அன்று படிவத்தை மூடிவைத்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் ஒவ்வொருவரும் இனி எவ்வளவு நேரம் தரப்போகிறோம் என்பதைத் தனித்தனியாக எழுதிக் கொண்டுவந்து பேசினோம். அந்தப் பேச்சு கசப்பில்லாமல் முடிந்தது. எங்கள் நட்பு நிலைத்ததற்கு அந்த ஒரு வாரம் முக்கியக் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஒதுக்கிய பங்குகள் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும் என்றும், முதல் ஆண்டு முடிவதற்குள் விலகுபவருக்கு எதுவும் உரிமையாகாது என்றும் ஏற்பாடு செய்துகொள்ள இந்தச் சேவை வழி தருகிறது. மாணவர் குழுவுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் பட்டம் பெற்றதும் திசைக்கு ஒருவராகப் பிரிந்து போவது மாணவர்களின் இயல்பு. ஆனால் இந்த ஏற்பாட்டோடு ஒரு வரிச் சிக்கலும் சேர்ந்து வருகிறது. பங்கு உங்களுக்கு உரிமையாகும் ஒவ்வொரு கட்டத்திலும், அன்றைய மதிப்பை வருமானமாகக் கருதி வரி கேட்க வரித்துறைக்கு இடமுண்டு. அதைத் தவிர்க்க, பங்கு கிடைத்த 30 நாட்களுக்குள் 83(பி) என்னும் விருப்பத் தெரிவைத் தாக்கல் செய்து, மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாத தொடக்க நாளிலேயே கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். இந்த 30 நாள் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது. தேர்வும் திட்ட அறிக்கையும் நெருக்கும் மாதத்தில் நாங்களாக இதை நினைவில் வைத்துத் தபாலில் அனுப்பியிருப்போமா என்பது சந்தேகம். அட்லஸ் இதை நிறுவனர்கள் சார்பில் தானே தாக்கல் செய்கிறது. 500 டாலருக்கு இந்த ஒன்றே போதும் என்று சொல்வேன்.

இனி அந்த ஆவணங்களின் எல்லைக்கு வெளியே இருப்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனர்கள் தங்கள் படைப்பின் அறிவுசார் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. நான்கு பேரும் மின்கையொப்பம் இட்டதும் எங்கள் நிரலும் வடிவமைப்பும் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டன. ஆனால் விளையாட்டின் முதல் மூன்று கட்டங்களில் ஒலிக்கும் இசை, இசைத்துறை மாணவர் ஒருவர் நட்புக்காக அமைத்துக் கொடுத்தது. காசு கைமாறவில்லை, எழுத்திலும் எதுவும் இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதவரை அந்த இசையின் உரிமை அவருடையதே. இது எங்களுக்கு உறைத்தபோது அவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். நல்ல மனிதர், தொலைபேசியில் விளக்கியதும் ஒத்துக்கொண்டார், அவருக்கு உரிய தொகையையும் விற்பனையில் ஒரு சிறு பங்கையும் எழுதிக் கொடுத்து உரிமம் பெற்றோம். அவர் மறுத்திருந்தால், விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த மெட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டியதுதான். குரல் கொடுத்தவர், எழுத்துரு வடிவமைத்தவர், ஒரு கோடைக்காலம் மட்டும் உதவிய நண்பர் என்று யாரெல்லாம் கை வைத்திருக்கிறார்களோ, அத்தனை பேரின் பட்டியலையும் பதிவுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

மென்பொருள் உரிமங்களும் இதே வகைச் சிக்கல்தான். முப்பரிமாண மாதிரிகளில் பலவற்றை நாங்கள் ஆட்டோடெஸ்க் மாயா என்னும் மென்பொருளின் கல்வி உரிமத்தில் செய்திருந்தோம். அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. விற்பனைக்கு வரும் மாதிரிகளை பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் மறுபடி செய்ய ஆறு வாரங்கள் பிடித்தன. வகுப்பறைத் திட்டத்தை விற்பனைப் பொருளாக மாற்ற நினைக்கும் எல்லோரும், தங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறும் ஆய்வு உதவியாளராக இருந்து செய்த வேலைக்கும், வெறும் வகுப்புப் பாடமாகச் செய்த வேலைக்கும் அதில் வேறுவேறு விதிகள் இருக்கலாம்.

நம் ஊர்களிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு இன்னும் முக்கியமானது விசா. எங்களில் இருவர் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருந்தோம். அந்த விசாவில் இருப்பவர் நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கலாம். ஆனால் பணி அனுமதி இல்லாமல் அந்த நிறுவனத்துக்காக உழைப்பது, சம்பளமே வாங்காவிட்டாலும், விசா நிலைக்கு ஆபத்தாக முடியலாம். விசாவைச் சரிபார்ப்பது ஒரு நிறுவனப் பதிவுச் சேவையின் வேலை அல்ல, ஆகவே அங்கிருந்து எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசியதால் எங்களுக்கு வழி தெரிந்தது: பதிவு முடிந்த நாளிலிருந்து, படிப்புக்குப் பிந்தைய 12 மாதப் பணி அனுமதி அட்டை கைக்கு வந்து, அதில் குறித்த தேதி தொடங்கும்வரை, நாங்கள் இருவரும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. அங்கே உங்களை மேற்பார்வையிடும் உண்மையான முதலாளி ஒருவர் இருந்தாக வேண்டும். சொந்த நிறுவனத்தை வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது கடினம்.

நிறுவன வகையைப் பொறுத்தவரை, எல்எல்சி (உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்), சி-கார்ப்பரேஷன் (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் பங்கு நிறுவனம்) இரண்டையும் அட்லஸ் பதிவு செய்கிறது. வரிநோக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படுபவர் பங்குதாரராக இருந்தால் லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே கட்டும் எஸ்-கார்ப்பரேஷன் என்ற வழி அடைபட்டுவிடும். எல்எல்சியில் லாபம் நேராக உறுப்பினர்களின் தனிப்பட்ட வரிக்கணக்குக்குப் போகும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம் என்று தோன்றியதாலும், முதலீட்டாளர்கள் பெரும்பாலும் சி-கார்ப்பரேஷனையே விரும்புவதாலும் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆண்டுச் செலவைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. டெலவேர் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1-க்குள் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்து, உரிமை வரியையும் (நிறுவனமாகப் பதிவில் இருப்பதற்காக மாநிலம் வாங்கும் வரி) செலுத்த வேண்டும். தவறினால் 200 டாலர் அபராதமும் மாதம் 1.5 சதவீத வட்டியும் உண்டு. ஒரு கோடிப் பங்குகளை அனுமதித்துப் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்துக்கு, பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வரி 85,165 டாலர் என்று வரும். முதன்முறை இந்த எண்ணைப் பார்ப்பவருக்குக் கைகால் நடுங்கும். பயப்பட வேண்டியதில்லை: சொத்து மதிப்பையும் உண்மையில் வழங்கிய பங்குகளையும் கொண்டு கணக்கிடும் மாற்று முறை சட்டத்திலேயே இருக்கிறது. அதன்படி எங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச வரியான 400 டாலரும், ஆண்டறிக்கைக்கு 50 டாலரும்தான். இரண்டாம் ஆண்டிலிருந்து பதிவு முகவருக்கு 100 டாலர் தனி. வருமானமே இல்லாவிட்டாலும் 1120 எண் படிவத்தில் மத்திய வரிக்கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். வரிநோக்கில் வெளிநாட்டவரான ஒருவர் கால்பங்கு அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் 5472 எண் படிவமும் தேவைப்படலாம். அதைத் தவறவிட்டால் அபராதம் 25,000 டாலர். இந்த ஒரு படிவத்துக்காகவாவது கணக்காளர் ஒருவருக்குப் பணம் கொடுங்கள்.

நிதி திரட்டுவதற்கு இந்தப் பதிவு கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே யாரை அழைப்பது என்பது நம் முடிவு. முதலீட்டாளர் வாங்குவது நிறுவனத்தின் ஒரு பகுதியை, வெளியீட்டாளர் பேரம் பேசுவது அந்த ஒரு விளையாட்டுக்கு. இந்த வேறுபாட்டை நாங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டோம். 2013-இல் ஒய் காம்பினேட்டர் என்னும் தொடக்கநிலை முதலீட்டு நிறுவனம் வெளியிட்ட சேஃப் ஒப்பந்தம், இப்போது பணம் வாங்கிக்கொண்டு பின்னால் பங்கு தருவதற்கானது, வட்டியும் திருப்பிச் செலுத்தும் கெடுவும் இல்லாத எளிய தாள். 2018-க்குப் பிந்தைய வடிவத்தில், 10 லட்சம் டாலர் மதிப்பு உச்சவரம்பில் (பங்கைக் கணக்கிட நிறுவனத்துக்கு வைக்கும் உச்ச மதிப்பு) 50,000 டாலர் வாங்கினால் 5 சதவீதம் போய்விடும் என்று அன்றே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்த முதலீட்டாளர் ஒரு விளையாட்டு நன்றாக விற்றுச் சிறு லாபம் தருவதோடு நிறைவடைய மாட்டார், நிறுவனம் பன்மடங்கு வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். வெளியீட்டாளர் தரும் முன்பணம் பங்கைத் தொடாது. ஆனால் அவர் போட்ட பணம் விற்பனையிலிருந்து திரும்பும்வரை உங்கள் கைக்கு ஏதும் வராமல் போகலாம், அடுத்த பாகத்தின் உரிமையைக் கேட்கும் வரி ஒன்றும் ஒப்பந்தத்துக்குள் இருக்கலாம். பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இலக்குத் தொகை முழுவதும் சேர்ந்தால்தான் பணம் கிடைக்கும். 5 சதவீதம் தளத்துக்கு, அதற்கு மேல் பணப்பரிமாற்றக் கட்டணம். ஒரே ஒரு விளையாட்டை முடித்து வெளியிடுவதுதான் எங்கள் நோக்கம் என்பதால் பங்கை யாருக்கும் விற்கவில்லை. பரிசுத் தொகையிலும் ஒரு வெளியீட்டாளர் தந்த சிறிய முன்பணத்திலும் காலத்தை ஓட்டினோம்.

அந்த வெளியீட்டாளர் எங்களிடம் முதலில் கேட்டது விளையாட்டின் மாதிரியை அல்ல. நிறுவனப் பதிவுச் சான்று, பங்குப் பட்டியல், உரிமை மாற்ற ஒப்பந்தங்கள் ஆகியவற்றைத்தான். முதல் இரண்டையும் நிறுவனர்களின் ஒப்பந்தங்களையும் அட்லஸ் கணக்கிலிருந்து பத்து நிமிடத்தில் எடுத்து அனுப்பிவிட்டோம். அதன் பிறகும் அவர்களுக்கு ஒரு தாள் தேவைப்பட்டது: அந்த இசையமைப்பாளரின் கையொப்பம். அது கிடைத்த மறுநாள்தான் பணம் வந்தது.