ஜனதா கட்சியின் கதையைப் படிக்க: தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்

1977இல் காங்கிரஸை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த ஜனதா எப்படிச் சேர்ந்தது, எப்படிச் சிதறியது என்பதை எண்களோடு பார்க்க விரும்புவோருக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் மக்களவைத் தேர்தல் அறிக்கைகள் பெரும் கொடை. இலவசமாகவே பிடிஎஃப் கிடைக்கிறது. முதல் தொகுப்பை (வால்யூம் 1) மட்டும் இறக்கினால் போதும், மாநிலவாரிக் கணக்கு அதிலேயே உண்டு.

ஆனால் 1977 அறிக்கையில் வென்ற கட்சியின் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். ஸ்தாபன காங்கிரஸ் (1969 பிளவில் இந்திராவுக்கு எதிராக நின்ற காங்கிரஸ்), பாரதிய லோக் தளம், ஜனசங்கம், சோஷலிஸ்டுகள் ஆகிய நான்கு தரப்பும் அந்த ஜனவரியில் அவசரமாகக் கைகோத்தன. தனிச்சின்னம் இல்லாததால் பெரும்பாலான மாநிலங்களில் லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்திலேயே நின்றார்கள். அறிக்கை சின்னத்தை வைத்தே கணக்கு எழுதியிருக்கிறது. 'பிஎல்டி' (பாரதிய லோக் தளம்) என்ற வரியில் 405 போட்டி, 295 வெற்றி, 41.32 சதவீதம் என்று இருப்பதுதான் ஜனதா.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்த வழியும் உதவாது. இங்கே ஜனதா வேட்பாளர்கள் ஸ்தாபன காங்கிரஸ் சின்னத்தில் நின்றதால் 'என்சிஓ' என்ற வரியைப் பாருங்கள். மூன்று இடங்கள், நாகர்கோவில் குமரி அனந்தனும் மத்திய சென்னை பா. ராமச்சந்திரனும் அதில் அடக்கம். இதைக் கூட்டாமல் 295 என்று எழுதிவிடுகிற கட்டுரைகள் ஏராளம்.

1980 அறிக்கையில் உடைப்பு பளிச்சென்று தெரிகிறது. ஜனதாவுக்கு 31 இடம், 18.97 சதவீதம். அதிலிருந்து பிரிந்த சரண் சிங்கின் ஜனதா (எஸ்) அணிக்கு 41 இடம், 9.39 சதவீதம். இரண்டையும் கூட்டினாலும் 28.36தான். வாக்கு பிரிந்ததால் மட்டுமே தோற்றார்கள் என்ற வாதம் இந்த ஒரே கூட்டலில் அடிபட்டுப் போகிறது. 1977இன் 41.32உடன் ஒப்பிட்டால், 13 சதவீத வாக்கு அவர்களை விட்டே போய்விட்டது. உத்தரப் பிரதேசத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1977இல் 85க்கு 85. 1980இல் இந்திரா காங்கிரஸ் 51, சரண் சிங் அணி 29, ஜனதா வெறும் 3. சரண் சிங் அணியின் பலம் எந்த மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அசாமில் பெரும்பாலான தொகுதிகளில் அந்த முறை தேர்தல் நடக்கவில்லை. மொத்தம் 542 அல்ல, 529.

பெரிய குறை, இரு தேர்தலுக்கும் இடைப்பட்ட காலம் இதில் இல்லாதது. இரட்டை உறுப்பினர் தகராறு (ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆர்எஸ்எஸ்ஸிலும் இருக்கலாமா என்ற சண்டை), கட்சி தாவல் இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்ற மின்னூலகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சொல்லை வைத்துத் தேடாமல், ஆறாவது மக்களவை, 1979 ஜூலை என்று தேதிவாரியாகப் போங்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவாண் 11ஆம் தேதி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தொடங்கி, பிரதமர் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்த 15 வரை படிப்பது நல்லது. இந்திப் பேச்சுகள் மூலப் பதிப்பில் தேவநாகரியிலேயே இருக்கும். ஜூலை 28இல் பிரதமராகப் பதவியேற்ற சரண் சிங்கின் நம்பிக்கை வாக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 20இல் அவர் விலகினார், 22இல் அவை கலைந்தது.