எக்ஸாஸ்ட் சத்தம் குறைக்கக் காரை விடப் போகிறீர்களா? என் அரை மாதச் சம்பளம் போன விதத்தைப் படித்துவிட்டு விடுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறப்போட்டு எழுதினால் பாதி மறந்துவிடும், மீதியை நானே மன்னித்துவிடுவேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. வார்டில் இரவெல்லாம் நின்று சம்பாதித்த பணம். அதை ஒரு கார் மாடிஃபிகேஷன் கடைக்காரர் முழுசாக வாங்கிக்கொண்டு, என் வண்டிக்கு அடியில் ஒரு வெற்று டப்பாவை வெல்டிங் அடித்து அனுப்பியிருக்கிறார். இன்று வேறொரு மெக்கானிக் அதைக் கழற்றி வெட்டிக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

கார் என் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, சத்தம் வேண்டும் என்றே வெளியில் வாங்கிய எக்ஸாஸ்ட்டை மாட்டியிருந்தான். வேலை மாறிப் போகும்போது வண்டியை என்னிடம் விட்டுப் போனான். எனக்கு இரவு ஷிஃப்ட் அதிகம். விடிவதற்கு முன்னால் தெருவுக்குள் நுழைந்தால் வீடு வீடாக விளக்கு எரியும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அது வீறிட்டு அழுவதைக் கேட்டுக்கொண்டே கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போக எனக்கு மனசு வரவில்லை. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வர ஆரம்பித்தேன். வெளியில்தான் இப்படி என்றால், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். பாட்டு போட்டாலும் அடங்காது, கண்ணாடியை ஏற்றினாலும் அடங்காது.

அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன். வீடியோ போட்டுப் பேர் வாங்கிய கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் ஏன் நம்பினேன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். நீங்களும் நம்புவீர்கள் என்பதால்தான் சொல்கிறேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு தாளை எடுத்து எஞ்சினிலிருந்து, புகை வெளியே வருகிற டெயில் பைப் வரை படம் போட்டார். “அக்கா, உங்களுக்கு இருக்கிறது ரெண்டு பிரச்சனை. வெளியே கேட்கிற கரகரப்பு வேற, உள்ளே கேட்கிற ரீங்காரம் வேற. நாலு சிலிண்டர் எஞ்சின், கிராங்க் ஒரு சுத்து சுத்தினா ரெண்டு தடவை ஃபயர் ஆகும். 2400 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 2400 சுத்துல போனா வினாடிக்கு 80 தடவை. அந்த 80 ஹெர்ட்ஸ்தான் கேபின்ல எதிரொலிச்சு உங்க மண்டையில அடிக்குது” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

மருந்தும் சரியாகவே சொன்னார். என் வண்டியில் இருப்பது நேர்க்குழாய் சைலன்சர். நடுவில் ஓட்டை ஓட்டையாகத் துளைபோட்ட ஒரு குழாய், அதற்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் கண்ணாடி இழைப் பேக்கிங். அந்தப் பேக்கிங் எரிந்து உதிர்ந்துபோனால் கரகரப்பு கூடும். அதைப் பிரித்துப் புதுப் பேக்கிங் வைப்பார்களாம், நடுவில் ரெசனேட்டர் என்று சத்தம் குறைக்கிற இன்னொரு டப்பாவைச் சேர்ப்பார்களாம். ரீங்காரத்துக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு முனை மூடிய பைப் ஒன்றைப் பிரித்து விடுவார்களாம். சத்தத்தின் அலை அதற்குள் போய் மூடிய முனையில் மோதித் திரும்பும்போது, எதிர் அலையாக வந்து அந்த ஒரு சுருதியை மட்டும் அணைத்துவிடும். நீளத்தை அந்தச் சுருதிக்கேற்ப வெட்ட வேண்டும், 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே வரும் என்றார். இதெல்லாம் உண்மை. இதில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்புறம் சொன்னார்: “எங்க அம்மாவும் நைட் டியூட்டி பார்த்தவங்கதான் அக்கா. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நம்பி விட்டுட்டுப் போங்க.” அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பொருள் ஆர்டர் போட வேண்டும், முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். கொடுத்தேன். அரை மாதச் சம்பளம், ஒரே தடவையில். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் ‘எக்ஸாஸ்ட் வேலை’ என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். என்ன பொருள், என்ன அளவு, என்ன உத்தரவாதம், ஒரு வரி கிடையாது.

வண்டியைத் திருப்பித் தந்த அன்று போனில் டெசிபல் ஆப் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். வேலைக்கு முன்னால் எடுத்த வீடியோவில் பையன் போனை டெயில் பைப் பக்கத்திலேயே பிடித்திருக்கிறான், இன்னொருவன் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறான். வேலைக்குப் பின்னால் என் கண் முன்னே எடுத்தபோது வண்டி ஐட்லிங்கில் நிற்கிறது, போன் கடை வாசலில் இருக்கிறது. எண் சரேலென்று குறைந்து நின்றது. “பார்த்தீங்களா அக்கா” என்று கை கொடுத்தார். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானாலே 6 டெசிபல் தானாகக் குறையும் என்பதை இன்றைக்கு அந்த மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிற்கும் வண்டியின் எக்ஸாஸ்ட் சத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 5130 என்று ஒரு சர்வதேச முறையே இருக்கிறதாம். மைக் டெயில் பைப்பிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும், எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். முன்னேயும் பின்னேயும் ஒரே இடம், ஒரே ஆர்பிஎம். அப்படி அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

முதல் சில நாள் சத்தம் நிஜமாகவே குறைந்துதான் இருந்தது. ஆனால் வண்டி இழுக்கவில்லை. மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டியது. அப்புறம் ஒரு நாள் காலையில் டெயில் பைப்புக்குக் கீழே தரையில் கறுப்பாக, சுருள் சுருளாக, தொட்டால் பொடியாகிற நார் கிடந்தது. அந்த வாரமே பழைய சத்தம் திரும்பிவிட்டது, கூடவே ஒரு கடகடப்பும். ரீங்காரம் இம்மியும் குறையவில்லை. அதைவிட, பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா இரண்டு பயணத்திலும் தலைவலி, குமட்டல் என்றாள். நான் நர்ஸ். எனக்குச் சுரீரென்றது. எக்ஸாஸ்ட் புகையில் இருக்கிற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. அன்றிலிருந்து அம்மாவை அந்த வண்டியில் ஏற்றவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். “புதுசுல அப்படித்தான் அக்கா, ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்.” ஓட்டினேன், செட் ஆகவில்லை. மறுபடி கூப்பிட்டால், பெட்ரோல் போடும் இடத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார். பெட்ரோலுக்கும் டெயில் பைப்பிலிருந்து நார் கொட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்த தடவை கடைப்பையன் எடுத்தான், ஓனர் வெளியூர் என்றான். அதே நேரம் ஓனர் கடையில் நின்று புது வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார். நேரில் போனால் வண்டியைப் பார்க்கக்கூட வெளியே வரவில்லை. “சத்தம்ங்கிறது அவங்கவங்க காதைப் பொறுத்தது அக்கா” என்றார் ஒரு நாள். அம்மாவின் தலைவலியைச் சொன்னேன். “வயசானவங்கன்னா அப்படித்தான்” என்றார். தன் அம்மா நைட் டியூட்டி பார்த்ததாகச் சொன்ன அதே வாய். வாட்ஸ்அப்பில் நார் கிடக்கும் படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் வீடியோவுக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள்.

இன்று பார்த்த மெக்கானிக் வயதானவர், விளம்பரம் இல்லாதவர். லிஃப்டில் ஏற்றியதும் முதலில், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் இந்த மாதிரி வேலையில் அதையே உருவிவிடுகிறவர்கள் உண்டாம். நல்ல வேளை, அது இருந்தது. ரெசனேட்டர் என்று மாட்டியிருந்ததைத் தட்டினார், தகரம் போல ஒலித்தது. வெட்டினார். துளைக்குழாய் இல்லை, பேக்கிங் இல்லை, வெறும் ஓடு. பக்கவாட்டுப் பைப் என்று ஒன்று எங்கேயும் இல்லை. சைலன்சரைப் பிரித்த அடையாளமே இல்லை, பழைய ரிவெட் அப்படியே துருப்பிடித்து இருக்கிறது. டெயில் பைப் வழியாகச் சாதாரண ஸ்டீல் வூலைத் திணித்து, வாயில் ஒரு அடைப்புக் குழாயைத் திருகி வைத்திருக்கிறார்கள்.

பேக்கிங் இருக்க வேண்டியது துளைக்குழாயைச் சுற்றி. புகை போகிற வழியில் அல்ல. வழியில் அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும், அதுதான் வண்டி இழுக்காத காரணம். சாதாரண ஸ்டீல் வூல் அந்தச் சூட்டில் துருவாகிப் பொடிந்து வெளியே பறந்துவிடும். அதுதான் நான் பார்த்த நார். வாயில் திருகும் அந்த அடைப்பு கரகரப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தாழ்ந்த சுருதி ரீங்காரத்தை அது தொடாது. அந்த வெற்று டப்பாவின் வெல்டிங் பாதி சுற்றோடு நின்றிருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியால் டெயில் பைப்பை ஒரு நொடி அடைத்துக் காட்டினார். பின்சீட்டுக்கு நேர் கீழே புஸ்ஸென்று காற்று வந்தது. அம்மா உட்காரும் இடம்.

வெட்டிய டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். “வெளியில கொடுத்து வெட்டிட்டீங்க, இனிமே எங்க பொறுப்பு இல்லை” என்றார்கள். கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான் மிச்சம். அரை மாதச் சம்பளம். பாதியாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்றார். அப்படிக் காத்து உட்கார்ந்திருந்த அந்த வாடிக்கையாளர் பையனிடம் டப்பாவைக் காட்டினேன். எழுந்து போனானா என்று தெரியாது.

மெக்கானிக் அண்ணன் சொன்ன தீர்வு ஒரே வரி: அதே மாடலின் கம்பெனி சைலன்சரையும் நடுப்பைப்பையும் திரும்ப மாட்டுங்கள், பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும். அந்த எஞ்சினுக்கு, அந்த கேபினுக்கு என்றே அளந்து செய்த அறைகள் அதற்குள் இருக்கின்றன. செலவு நான் இழந்ததில் சிறு பங்குதான். படம் போட்டு விளக்கிய அந்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பெரிய பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். தலை வலிக்கிறது, இரவு டியூட்டிக்கு வேறு கிளம்ப வேண்டும். அவசரமாகச் சிலது. முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் ரெசனேட்டரைக் கையில் வாங்கி உள்ளே எட்டிப் பாருங்கள், துளைக்குழாய் தெரிய வேண்டும். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடும்போதும் எடுக்கும்போதும் வண்டிக்கு அடியில் படம் எடுங்கள். ஐட்லிங்கில் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள், உங்களுக்கு ரீங்காரம் வருகிற அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எக்ஸாஸ்ட் வேலைக்குப் பிறகு வண்டியில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ வந்தால், உடனே நிறுத்தி வெளியே இறக்குங்கள், லிஃப்டில் ஏற்றி லீக் பார்க்கும்வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.