‘அதே கண்கள்’: அரை மணி நேரம் பாக்கி

1987 மே மாதம் பார்க்க ஆரம்பித்த படத்தைப் போன மாதம்தான் முடித்தேன். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லீவுக்குப் பள்ளத்தூரில் ஆயா வீட்டில் பேரப்பிள்ளைகள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டோம். எங்கள் சத்தம் தாங்காமல் சின்ன அம்மான் காரைக்குடிக்குப் போய் டிவி, வீடியோ கேசட் ஓட்டுகிற டெக், மூன்று கேசட் எல்லாம் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து வந்தார். முதல் கேசட் ‘அன்பே வா’. எல்லாரும் குஷி. இரண்டாவதை ஆயா கையில் வாங்கி, “என்ன படம்டா இது?” என்று கேட்டார்கள். “ஏவிஎம் படம்த்தா” என்றார் அம்மான். “அப்பப் போடு. நம்ம செட்டியார் எடுத்தது, புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது.”

எங்கள் பக்கத்தில் ஏவிஎம் என்றால் அவ்வளவு நம்பிக்கை. கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுத்தான் ‘நாம் இருவர்’ எடுத்தார், 1947-ல் வந்தது. போதாததற்கு ‘அன்பே வா’ எடுத்த அதே ஏ.சி.திருலோகசந்தர்தான் அடுத்த வருஷமே, 1967-ல், இந்தப் படத்தையும் எடுத்திருக்கிறார். சிம்லாவில் எம்.ஜி.ஆரை ஆடவிட்ட மனுஷன் இப்படிச் செய்வார் என்று ஆயாவுக்கு எப்படித் தெரியும்?

கதை இதுதான். ஒரு பெரிய வீடு, அதில் ஒரு பெரிய குடும்பம். ராத்திரியில் முகமூடிக்காரன் ஒருவன் வருகிறான். கண்கள் மட்டும்தான் தெரியும். வந்துபோனதற்கு அடையாளம் ஒரு சுருட்டு. ரவிச்சந்திரன் துப்புத் துலக்குகிறார், காஞ்சனா பயப்படுகிறார். மற்றதெல்லாம் இந்த இரண்டு கண்களுக்கு நடுவில்தான்.

அதுவரை எனக்குப் பயம் என்றால் வெளியே இருக்கிற சமாச்சாரம். ஊருணிக்கரைப் புளியமரம், முனி, அந்த மாதிரி. கதவைச் சாத்தினால் போதும். இந்தப் படம் கதவுக்கு உள்பக்கம் இருக்கிறவர்களைப் பார் என்றது. செட்டிநாட்டு வீட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்பது இருக்கிறதே! முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், பாதி பங்காளிகளுடையது, பூட்டிக் கிடக்கும். ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் இரண்டாங்கட்டு தாண்டி நடக்கவேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். அன்று ராத்திரி நான் எண்ணினேன், பதினாறு தூண்.

கொலைகாரன் யார் என்று தெரிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது கரண்டு போனது. விடியும்வரை வரவே இல்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் டெக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முடிவு தெரிந்த பெரியவர்களோ, “சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு” என்று சிரித்துக்கொண்டே பலகாரம் வைத்தார்கள்.

வளவு ஓரத்தில், ஆத்தங்குடித் தரைக் கல்லின் சிவப்புப் பூவுக்கு நடுவில், பாதி எரிந்த சுருட்டு ஒன்று கிடந்தது. என் வயதுக்கார அம்மான் மகனும் நானும் அதைக் குனிந்து பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, பர்மாவில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தவை ஒரு தேக்குப் பெட்டி, இரண்டு கம்பளி, சுருட்டுப் பழக்கம். அந்தச் சுருட்டை நான் தினமும் பார்த்துத்தான் வளர்ந்தேன். அன்று காலை அது வேறு பொருளாகிவிட்டது.

அடுத்த ஒரு வாரம் ஐயா கூப்பிட்டால் நான் போகவில்லை. அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று யார் சொன்னார்களோ, சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். சுருட்டெல்லாம் தெருவைப் பார்த்துத்தான். “உள்ள உக்காந்தா புள்ளை பயப்படுது” என்று ஆயாவிடம் சொன்னதைக் கேட்டேன். அப்போதும் போய் மடியில் உட்காரவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. நான் பார்த்த பிரதியில் நிறம் மங்கி, சிவப்பெல்லாம் ஆரஞ்சாக இருந்தது. சரியாகக் கதவு திறக்கும் இடத்தில் தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது. காமெடி நீளம், இப்போது பார்த்தால் ஓட்டிவிடத்தான் தோன்றுகிறது. பெண்களுக்கு அலறுவதைத் தவிர அதிக வேலை இல்லை. ஆனால் வேதாவின் இசை! இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் என்று பேர் வாங்கியவர் இதில் சொந்தமாகப் போட்டிருக்கிறார். ‘பூம் பூம் மாட்டுக்காரன்’ இன்னும் கால் தாளம் போடவைக்கிறது. பாட்டு முடிந்து வீடு அமைதியாகும் அந்தச் சில நொடிகளில் எனக்கு இப்போதும் முதுகு சில்லிட்டது. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

பதினான்கு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “லைட்டைப் போட வேண்டியதுதானே?” என்று நாலு தடவை கேட்டாள். கடைசி அரை மணி நேரத்தில் போனை எடுக்கவில்லை, அதுவே பெரிய சான்றிதழ். முகமூடி கழன்றதும், “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள். சொல்லவே இல்லை.

எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. படத்தின் குற்றமில்லை. நான் வேறொரு முகத்தை வைத்திருந்தேன். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

முடிவை இங்கே சொல்லமாட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மான் மகனுக்கு மட்டும் ராத்திரியே போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: “அப்ப ஐயா இல்லையா?”