ஒரு ‘க்’ சேர்த்ததில் தொடங்கியது: விக்கிப்பீடியாவில் என் முதல் மூன்று மாதம்

இத்தனை வருடமாக விக்கிப்பீடியாவைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எதைத் தேடினாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மேலே ‘தொகு’ என்று இருப்பது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதெல்லாம் படித்த பெரியவர்கள் யாருக்கோ என்று நினைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள் தமிழ் விக்கிப்பீடியாவில் பறவைக் கட்டுரை ஒன்றைப் படித்தபோது ‘கூடுகளை கட்டும்’ என்று ஒரு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு கணக்குத் தொடங்கினேன், ஒரு நிமிட வேலை, மின்னஞ்சல் முகவரிகூடக் கட்டாயமில்லை. ‘தொகு’வை அழுத்தி ஒரு ‘க்’ போட்டேன். என்ன மாற்றினாய் என்று சுருக்கமாகக் கேட்டது, ‘ஒற்றுப்பிழை திருத்தம்’ என்று எழுதி வெளியிட்டேன். அடுத்த நொடியே கட்டுரையில் அது வந்துவிட்டது. யாரும் சரிபார்த்து ஒப்புதல் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அப்புறம் அந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். என் பயனர் பெயர், நேரம், நான் எழுதிய காரணம், பக்கத்தில் பச்சை நிறத்தில் +6. ஒரே ஒரு எழுத்துக்கு எப்படி ஆறு என்று புரியாமல் தேடிப் பார்த்தேன். அந்த எண் எழுத்துகளைக் கணக்கிடுவதில்லை, கணினியில் அவை பிடிக்கும் இடத்தை, அதாவது பைட்டுகளைக் கணக்கிடுகிறது. ‘க’ மூன்று பைட், மேலே வைக்கும் புள்ளி தனியாக மூன்று பைட். சின்ன விஷயம்தான், ஆனால் நான் வைத்த ஒரு புள்ளியைக்கூட அந்தப் பக்கம் கணக்கில் வைத்திருக்கிறது என்பது மனதில் ஒட்டிக்கொண்டது.

இந்த வரலாற்றுப் பக்கத்துக்காகவே ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்க்கலாம் என்பேன். கட்டுரை பிறந்த நாளிலிருந்து யார் எந்த வரியைச் சேர்த்தார், எதை நீக்கினார், ஏன் நீக்கினார் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஏதாவது இரண்டு பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் மாறியது என்ன என்பதை அருகருகே காட்டும். ‘உரையாடல்’ பக்கம் போனால் ஒரு சொல்லுக்காக நாலு பேர் பேசிக்கொண்டதையும் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள் எழுதியவை. வாசகராக இருந்தபோது எனக்கு இது ஒரு செய்தி மட்டும்தான், வரலாற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் அது மனிதர்களாகத் தெரிந்தது.

சரி, இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒற்றுப்பிழைகளில் தைரியம் வந்த பிறகு தூக்கணாங்குருவி பற்றி ஒரு பத்தி எழுதினேன். ஆண் குருவி கூட்டை முழுவதும் கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதில்லை. பாதி கட்டி, தலைக்கவசத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போன்ற நிலையில் நிறுத்திவிட்டு, சிறகடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே பார்த்து, அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டி அந்த நீண்ட நுழைவாயிலைக் கீழே இறக்கும். வருடக்கணக்காக நானே உட்கார்ந்து பார்த்தது இது. ஒரு மாலை முழுவதும் செலவழித்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எழுதிப் போட்டேன். மறுநாள் காலையில் பத்தி இல்லை. ஒரு பயனர் அதை நீக்கிக் கட்டுரையைப் பழையபடி ஆக்கிவிட்டு, ‘சான்று இல்லை’ என்று இரண்டே சொல் எழுதியிருந்தார்.

அன்று முழுக்க மனசு சரியில்லை. கண்ணால் பார்த்ததற்கு என்ன சான்று என்று கோபம்தான் முதலில் வந்தது. ஒத்தாசைப் பக்கத்தில் போய்க் கேட்டேன், புதியவர்கள் கேள்வி கேட்க அப்படி ஒரு பக்கம் இருக்கிறது (பொதுவான பேச்சுக்கான பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி, அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு என் அன்பு). வேறொரு பயனர் பொறுமையாக விளக்கினார். சொந்த ஆய்வு இங்கே கூடாது என்பது அடிப்படை விதி. நான் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கட்டுரையைப் படிப்பவருக்கு நான் யார் என்று தெரியாது, என் கண்ணை அவர் சரிபார்க்க முடியாது, ஆனால் அச்சில் வந்த ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்க்க முடியும். இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. உறைத்த பிறகு, நான் இத்தனை வருடம் நம்பிப் படித்த கட்டுரைகளில் வரிக்கு மேல் சின்னதாக நிற்கும் அந்த எண்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் தேடினேன். பறவையியலாளர் சாலிம் அலி 1930களிலேயே தூக்கணாங்குருவியின் கூடு கட்டும் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் பார்த்ததை எனக்கு முன்பே ஒருவர் நுணுக்கமாகப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம், பத்தி நீக்கப்பட்ட வருத்தத்தைவிடப் பெரியது. ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டு மேற்கோளோடு திரும்பச் சேர்த்தேன். இப்போதும் இருக்கிறது.

ஆனாலும் அந்த இரண்டு சொல் பற்றி என் கருத்து மாறவில்லை. நீக்கியது சரி, சொன்ன விதம் சரியில்லை. ‘புத்தகம் அல்லது ஆய்விதழ் மேற்கோளோடு திரும்பச் சேருங்கள்’ என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது. ஒத்தாசைப் பக்கம் எனக்குத் தெரியாமல் போயிருந்தால் அன்றோடு நான் போயிருப்பேன், அப்படிப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. புதியவர்களின் திருத்தங்கள் சட்டென்று நீக்கப்படுவதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்றே அங்கே ஒரு வழிகாட்டல் உண்டு. எழுதிவைத்தால் போதாது, பழகியவர்கள் தினமும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

படம் சேர்ப்பதில் தவறு என்னுடையது. இணையத்தில் கிடைத்த அழகான படம் ஒன்றைப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) ஏற்றினேன், நீக்கிவிட்டார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும்கூட, என்று அதன் உரிமையாளர் உரிமம் கொடுத்த படமோ காப்புரிமை இல்லாத படமோதான் அங்கே செல்லும். நாமே எடுத்ததை ஏற்றுவதே நிம்மதி.

வசதிகளைப் பொறுத்தவரை, சாதாரணமாகத் தட்டச்சு செய்வதுபோல் எழுதும் முறையும் இருக்கிறது, குறியீடுகளோடு எழுதும் முறையும் இருக்கிறது. புதியவர்கள் முதலாவதில் தொடங்குங்கள். இணையச் சுட்டியைக் கொடுத்தால் பல தளங்களுக்கு மேற்கோளைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கையில் இருக்கும் பழைய புத்தகம் என்றால் நாமே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும், பக்க எண்ணை மறக்காதீர்கள். மணல்தொட்டி என்று சோதனைக்கு ஓர் இடம் உண்டு, அங்கே எதை உடைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. உரையாடலில் பேசி முடித்ததும் அலைக்குறி (~) நாலு போட்டால் கையெழுத்து தானாக விழும்.

வாசகராக ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். எழுத வந்தவராக நாலு. அந்த ஒரு மதிப்பெண் முழுக்க பேசும் விதத்துக்காகக் குறைத்தது. தன்னைப் பற்றியோ தன் நிறுவனத்தைப் பற்றியோ எழுத நினைப்பவர்களுக்கு இது இடமில்லை. கட்டுரையின் தலையில் தன் பெயர் வர வேண்டும் என்பவர்களுக்கும் சரிவராது. ஒரு பறவையோ ஒரு கணிதத் தேற்றமோ ஏதோ ஒன்றின் மேல் பித்து இருந்து, அதைப் பற்றித் தமிழில் நல்லதாக நாலு வரி இல்லையே என்று ஒருநாளாவது வருத்தப்பட்டவர் என்றால், இன்றைக்கே ஒரு ஒற்றுப்பிழையிலிருந்து தொடங்குங்கள்.

போன வாரம் யாரோ ஒருவர் என் தூக்கணாங்குருவிப் பத்தியைத் தொட்டிருந்தார். பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. நான் நீளமாக எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து, ‘கவிழ்த்துத் தொங்கவிட்டது போன்ற’ என்பதை ‘கவிழ்ந்து தொங்கும்’ என்று மாற்றியிருந்தார். படித்துப் பார்த்தேன், என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வரலாற்றுப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘நன்றி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினேன்.