வியட்நாம் சாப்பாட்டுச் சுற்றுலா: நடுவில் அருமை, தெற்கில் அவசரம்

வியட்நாமுக்குச் சாப்பிடுவதற்காகவே போக வேண்டும் என்றால் திட்டம் போட்டுத் தர நிறைய பேர் இருக்கிறார்கள். நாங்கள் பிடித்தது ஹனோயிலிருந்து வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், சைகோன், மேக்கோங் டெல்டா என்று வடக்கிலிருந்து தெற்கு வரை பாதை போட்டு, ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரரையே வழிகாட்டியாகத் தருகிறார்கள். திட்டத்துக்கும் வழிகாட்டிக்கும் அவர்களிடம் கட்டணம், கடையில் சாப்பிடுவதற்கு நம் கைக்காசு. நான் கேட்டரிங் நடத்துகிறவள். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் அடுப்படிக்குத்தான் ஓடும். கூட வந்தவர்கள் இரண்டு பேர்: முட்டைகூடத் தொடாத என் வீட்டுக்காரர், எதைக் கொடுத்தாலும் சாப்பிடும் என் தங்கை.

முன்பணம் கட்டியதும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார முடியுமா, ஈரல் குடல் சாப்பிடுவீர்களா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே தொழில் தெரிந்தவர்கள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. ஃபோ என்ற அரிசி நூடுல்ஸ் சூப் பெரும்பாலும் காலைச் சாப்பாடு. சுட்ட பன்றிக் கறியும் நூடுல்ஸுமான ஹனோயின் புன் சா மதியத்துக்கு. நல்ல கடை என்று பெயரெடுத்தவை பலவும் ஒரே ஒரு சாமானைத்தான் விற்கின்றன. அண்டா காலியானால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்ற பட்டியல் பெரிய விஷயமில்லை, அது எங்கும் கிடைக்கும். எந்த மணிக்கு எந்த அடுப்பு எரிகிறது என்று தெரிந்து திட்டம் போடுகிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். பயணத்தின் முதல் பாதியில் அப்படிப் போட்டிருந்தார்கள்.

ஹனோயில் காலை ஆறரைக்கெல்லாம் ஃபோ கடை வாசலில் நின்றோம். நாங்கள் போனபோது ஒரு கிண்ணம் கடையைப் பொறுத்து 40,000 முதல் 70,000 டோங் வரை இருந்தது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்த சாறு, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கறுப்பு ஏலக்காய். சாமானைப் பார்த்தால் நம் பிரியாணி மூட்டைதான், ஆனால் மசாலா முன்னால் வந்து நிற்பதில்லை. சாறு அடி தெரியும் அளவுக்குத் தெளிவு. அந்தத் தெளிவுக்கு எத்தனை தடவை நுரை எடுத்திருப்பார்கள் என்பது அண்டா முன் நின்றவர்களுக்குத் தெரியும். மேசையில் பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் மட்டும். தங்கை கீரைக்கட்டு எங்கே என்று தேடினாள். அதெல்லாம் சைகோனில் என்று சிரித்தார் வழிகாட்டிப் பெண்.

புன் சா கடையில் அடுப்பு நடைபாதையிலேயே இருந்தது. பன்றிக் கறி உருண்டைகளைக் கம்பி வலைக்குள் இறுக்கி, கரி நெருப்பின் மேல் ஒருவர் திருப்பிக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஒரு மின்விசிறி புகையைத் தெருப் பக்கம் தள்ளியது. விளம்பரத்துக்கென்று யாரும் தனியாகப் பலகை வைக்க வேண்டாம், அந்தப் புகை போதும். சுட்ட கறியை இனிப்பும் புளிப்புமான மீன் சாறு நீரில் போட்டு, பப்பாளிக்காய்த் துண்டு மிதக்கத் தருகிறார்கள். ஆறிய அரிசி நூடுல்ஸை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். 2016 மே மாதம் ஒபாமாவும் டிவியில் புகழ்பெற்ற சமையல்காரர் ஆந்தனி போர்டெய்னும் ஹுவோங் லியென் என்ற கடையில் இதைச் சாப்பிட்ட பிறகு உலகமே அங்கே வரிசையில் நிற்கிறது. எங்கள் வழிகாட்டி அங்கே கூட்டிப் போகவில்லை, வேறு தெருவில் ஒரு கடைக்குப் போனோம். அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தரலாம். சாயங்காலம் முட்டைக் காபி. 1946-இல் பால் தட்டுப்பாட்டின்போது மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை செய்த ஜியாங் என்பவர் மஞ்சள் கருவை அடித்துப் பாலுக்குப் பதிலாக ஊற்றியதில் பிறந்தது. தங்கைக்கு உயிர். எனக்கு ஒன்று போதும்.

ஹனோயில் அவர்கள் கோட்டை விட்டது என் வீட்டுக்காரர் விஷயத்தில். கேள்வித்தாளில் சைவம் என்று தெளிவாக எழுதி, மீன் சாறும் கூடாது என்று தனி வரியாகவும் போட்டிருந்தோம். முதல் நாள் இரவு பூண்டு போட்டு வதக்கிய கீரை வந்தது. கறி இல்லை, மீன் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார் வழிகாட்டி. தட்டு மேசைக்கு வருமுன்பே வாசனை எனக்கு வந்துவிட்டது. "ஏங்க, கையை வைக்காதீங்க" என்று தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உப்பு போடும் இடத்திலெல்லாம் நூக் மாம் என்ற மீன் சாறை ஊற்றிப் பழகிய கை, கீரைக்கும் அதைத்தான் ஊற்றும். சமைப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே கடைக்குச் சொல்லி வைப்பது திட்டம் போடுகிறவர் வேலை, அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். அன்று இரவு என் வீட்டுக்காரர் வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டார். புகார் எழுதினேன். மறுநாள் காலையே 'சாய்' என்று பலகை போட்ட சைவக் கடைகளின் பட்டியல், ஊர்வாரியாக, வரைபடத்தோடு வந்து சேர்ந்தது. கேட்காமலே முதலிலேயே தந்திருக்கலாம்.

ஹுவேயில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். அரண்மனைப் பந்தியின் பழக்கம் இன்றும் தெருக்கடையில் தெரிகிறது: எல்லாம் சின்னச் சின்னத் தட்டில், சின்னச் சின்ன அளவில். பான் பேயோ என்று ஒன்று. உள்ளங்கை அகலப் பீங்கான் தட்டிலேயே அரிசி மாவை ஊற்றி ஆவியில் வேக வைத்து, மேலே உலர்ந்த இறால் தூளும் மொறுமொறுப்பான பன்றித் தோல் துண்டும் தூவி, ஒரு தாம்பாளம் நிறைய அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். கரண்டியால் ஒரே வழிப்பில் வாயில் போட வேண்டும். காலித் தட்டுகளை எண்ணித்தான் சில கடைகளில் கணக்கு. தங்கை அடுக்கிய கோபுரத்தைப் பார்த்துக் கடைக்கார அம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

புன் போ ஹுவே என்ற மாட்டுக்கறி நூடுல்ஸின் சாறு எப்படி வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். இருட்டோடு ஒரு வீட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார் ஹுவே வழிகாட்டி; என் மகன் வயதுதான் இருக்கும். எலும்போடு நசுக்கிய எலுமிச்சைப்புல் கட்டுக்கட்டாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்து இறால் விழுது. அதை அப்படியே போடவில்லை. தண்ணீரில் கரைத்து ஒரு பக்கம் வைத்துவிட்டார் அந்த அம்மா. மண்டி அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக அண்டாவில் இறுத்தார். வாடை குறைந்து, சாறில் அந்த ஆழம் மட்டும் நின்றது. பெரிய வேலை ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். இந்த ஒரு காலைக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஊர் நடுவே ஓடும் நறுமண ஆறு என்ற ஆற்றின் சிப்பியைப் பழைய சோற்றோடு பிசைந்து தரும் கொம் ஹென்னும் அங்கேதான் சாப்பிட்டோம். காரம் சுரீர் என்று ஏறுகிறது, வடக்கத்திச் சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கு விழித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரருக்கும் விடிவு இங்கேதான். புத்த மடங்கள் நிறைந்த ஊர் என்பதால் சைவச் சமையல் இங்கே ஒரு தனிக் கலை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறைய பேர் கறி தொடுவதில்லை. எங்கள் திட்டத்தில் ஹுவே நாட்கள் பௌர்ணமியை ஒட்டி வரும்படி அவர்களே மாற்றி அமைத்திருந்தார்கள். ஹனோய்ப் புகாருக்குப் பிராயச்சித்தமோ என்னவோ. காளானும் டோஃபுவும் போட்ட சைவ புன் போவை அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

ஹோய் ஆனுக்குப் போக, ஹுவேயிலிருந்து டா நாங் வரை ரயில். ஹாய் வான் கணவாயை ஒட்டிப் போகும் பாதை, தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் வரும். டிக்கெட்டும் இடப்பக்க ஜன்னலாகவே எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஹோய் ஆனில் காவ் லாவ் நன்று. பா லே கிணற்றுத் தண்ணீரும் மரச் சாம்பல் கரைத்த நீரும் சேர்த்துப் பிசைந்த மாவில்தான் அந்த நூடுல்ஸுக்கு அந்தப் பதம் வரும் என்று ஊரில் சொல்கிறார்கள். கெட்டியாக, மெல்ல வேண்டியதாக இருக்கிறது, சாறு அடியில் கொஞ்சம்தான். மஞ்சள் நூடுல்ஸ், கடலை, அரிசி அப்பளம் எல்லாம் போட்ட மீ குவாங் எனக்கு இன்னும் பிடித்தது. ஆனால் சமையல் வகுப்பு என்று ஒன்று வைத்திருந்தார்களே, அதை என்னவென்று சொல்ல. சந்தையில் ஒரு அவசரச் சுற்று, பரிசலில் பாட்டுப் போட்டுச் சுழற்றுவது, எல்லோர் தலையிலும் கூம்புத் தொப்பி, பிறகு யாரோ நறுக்கி வைத்த காய்கறியை நாம் அரிசித் தாளில் சுருட்டுவது. கத்தியைக் கையில் தரவே இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரி. சமைக்கத் தெரிந்தவர்கள் இதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அந்த அரை நாளை ஹுவேக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

சைகோனில் திட்டம் தளர்ந்துவிட்டது. ஒரே சாயங்காலத்தில் இத்தனை கடை என்று எண்ணிக்கை காட்டும் மோட்டார் பைக் சுற்று. நாலாவது கடையிலேயே வயிறு கையெடுத்துக் கும்பிட்டது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட காலைகள்தான் மனசில் நிற்கின்றன. கொம் தாம் என்பது நொய்யரிசிச் சோறு. நாம் கஞ்சிக்கு ஒதுக்கும் நொய்யை உதிரியாக வேக வைத்து, சுட்ட பன்றிக் கறியோடு ராஜ மரியாதையாகப் பரிமாறுகிறார்கள். தங்கை தேடிய கீரைக்கட்டும் வந்தது: 1954-இல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கான வடக்கத்தியர் இங்கே வந்தார்கள், அவர்களோடு ஃபோவும் பரவியது, தெற்கு தன் பங்குக்குத் துளசி, முளைப்பயறு, இனிப்புக் குழம்பெல்லாம் சேர்த்துவிட்டது. தேங்காய்ப்பால் போட்ட கோழிக் கறியை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டபோது மூக்குக்குப் பழக்கமான வாசனை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துரோங் தின் தெருவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. வியட்நாமியர்கள் கைநிறைய ஊதுபத்தியோடு வந்து கும்பிடுகிறார்கள். தமிழ்க் குடும்பம் என்று தெரிந்தும் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, நாங்களாகத்தான் போனோம்.

பெரிய குறை மேக்கோங் டெல்டாவில் இருக்கும் கான் தோ நகரம். காய் ராங் மிதக்கும் சந்தை விடியற்காலைச் சந்தை. படகுக்காரர்கள் விற்கும் காயையோ பழத்தையோ மூங்கில் கழியில் கட்டித் தூக்கி வைத்திருப்பார்கள், கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சம் வரும்போது ஆற்றில் இருக்க வேண்டும். சைகோனிலிருந்து கான் தோவுக்குச் சாலையில் மூன்று மணி நேரம் போல ஆகும். திட்டத்தில் காலையில் சைகோனில் கிளம்பி இரவு திரும்புவதாக இருந்தது. வரைவு வந்ததுமே, முதல் நாள் இரவே போய்த் தங்க ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுதினேன். கவலை வேண்டாம், சந்தை இருக்கும் என்று பதில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுற்றுலாப் படகுகளும், அன்னாசி விற்கும் ஓரிரு படகுகளும்தான். ஏற்கெனவே சாலைகள் வந்த பிறகு அந்தச் சந்தை சுருங்கிக்கொண்டு வருகிறது. வெயில் ஏறியபின் போனால் பார்க்க என்ன இருக்கும்? அந்த நாளுக்கான கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், சண்டை போடாமலே.

நாங்கள் போனது மார்ச்சில். ஹனோயில் பிசுபிசுவென்று தூறல், நடுப்பகுதியில் நல்ல வெயில், சைகோனில் உச்சி கொதிக்கிறது. மூன்றுக்கும் பொதுவாக இதைவிடத் தோதான மாதம் கிடைப்பது கஷ்டம். அக்டோபர், நவம்பரில் இதே பாதையைக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஹோய் ஆன் தெருவில் வெள்ளம் வரும் பருவம் அது. டெட் புத்தாண்டு வாரத்தில் நல்ல கடைகள் பல பூட்டியிருக்கும். இ-விசா ஒரு முறை நுழைய 25 டாலர். சில்லறை கொடுக்கும்போது 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீல நிறம், இருட்டுக் கடையில் ஜாக்கிரதை.

மதிப்பெண் கேட்டால் ஹுவேக்கு முழுசாகவும், ஹனோய்க்கு முக்காலும், சைகோன் முதல் தெற்கே பாதியும் தருவேன். அடுத்த முறை ஹனோய், ஹுவே இரண்டுக்கு மட்டும் இவர்களிடம் கொடுப்பேன்.

கடைசி நாள், திட்டத்தில் இல்லாத ஒரு வேலையாக, சைகோன் வழிகாட்டி என்னை நூக் மாம் வாங்கக் கூட்டிப் போனார். ஃபூ குவோக் தீவில் நெத்திலி வகை மீனும் உப்பும் மரப்பீப்பாயில் ஒரு வருடம் ஊறி வருவது. சீசாவில் 40 N என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள், எண் கூடினால் சத்தும் சுவையும் கூடும் என்றார். கைப்பையில் விடமாட்டார்கள் என்பதால் பெட்டியில்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: அது தங்கச்சியின் பெட்டியாக இருக்க வேண்டும்.