சிஆர்டி பேஸ்மேக்கருக்கு முன்: எக்கோவா, எம்ஆர்ஐயா?

இதயச் செயலிழப்பில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 35 சதவீதமோ அதற்குக் கீழோ, மருந்து எடுத்தும் மூச்சுத்திணறல், இசிஜியில் இடது கிளைத் தடை (இடது கீழறைக்கு மின்துடிப்பு செல்லும் பாதையில் தடை), க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்துடிப்பு பரவ ஆகும் நேரம்) 150 மில்லிசெகண்டுக்கு மேல் என்றால் சிஆர்டியை (இரு கீழறைகளையும் ஒத்திசைந்து துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் சிகிச்சை) தள்ளிப்போட வேண்டாம். எந்தப் படமும் அந்த முடிவை மாற்றக் கூடாது. படம் கைகொடுப்பது இரண்டுங்கெட்டான் நோயாளிகளுக்கும், லீடை (பேஸ்மேக்கரின் மின்கம்பி) எங்கே வைப்பது என்பதற்கும்தான்.

எக்கோ மலிவு; படுக்கையருகிலேயே எடுக்கலாம். ஆனால் 2008-இல் வந்த பிராஸ்பெக்ட் ஆய்வு சோதித்த 12 எக்கோ அளவீடுகளில் ஒன்றுகூட யாருக்கு சிஆர்டி பலன் தரும் என்பதை நம்பகமாகச் சொல்லவில்லை; ஒரே பதிவை இருவர் அளந்தால் இரண்டு எண் வந்தது. 2013-இன் எக்கோசிஆர்டி ஆய்வு இன்னும் கடுமை: க்யூஆர்எஸ் 130-க்குக் குறைந்தவர்களுக்கு எக்கோ காட்டிய ஒத்திசைவின்மையை (இதயச் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமை) நம்பி சிஆர்டி கொடுத்ததில் இறப்பு கூடியது. கணக்குகளைவிட, சுருங்கத் தொடங்கியதுமே இடைச்சுவர் வெடுக்கென உள்ளிழுத்துத் திரும்பும் ‘செப்டல் ஃபிளாஷ்’ நல்ல அடையாளம்.

எம்ஆர்ஐயின் பலம் தழும்பு. காடோலினியம் என்ற படமெடுப்பு மருந்தைச் செலுத்திச் சுமார் 10 நிமிடம் கழித்து எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். இடது கீழறையின் பின்பக்கச் சுவரில் அது இருந்து, லீடும் அங்கேயே அமர்ந்தால், மின்துடிப்பு தசையைச் சரியாகப் பிடிக்காது, பரவுவதும் மந்தம். மாரடைப்பு வந்தவருக்கு எம்ஆர்ஐயே என் தேர்வு. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழ் என்றால் காடோலினியத்தில் கவனம். கருவி பொருத்துமுன்பே எடுத்துவிடுங்கள். பிறகு உலோக நிழல் படத்தைக் கெடுக்கும்.